ஆதம்பாவாவுக்கு வாராவாரம் ஒரு வருத்தம்

“இந்த மனிசன இனிப் பதியிறதில்ல. முடிஞ்சிது!”

நிப்லா பதிவுக் கொப்பியை அடித்து மூடினாள். மேசையிலிருந்த மருந்துப் போத்தல்கள் ஒருமுறை துள்ளி இறங்கின.

சனிக்கிழமை காலை, கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. லீவில் ஊருக்கு வந்த மருத்துவ மாணவர்கள் நாலு பேர், வீடு வாசல் இல்லாமல் கடை விறாந்தையிலும் கடற்கரையிலும் படுப்பவர்களுக்கு அங்கே இலவசமாக மருத்துவம் பார்க்கிறார்கள். மாணவர்கள் நோய் வருத்தத்தை விசாரித்து எழுதுவார்கள். பின்னால் இருக்கும் பெரிய டொக்டர் சரிபார்த்து மருந்து கொடுப்பார். பதிவுக்கும் அவர்களில் ஒருத்தியான நிப்லாதான் பொறுப்பு, ஒழுங்குக்கும் நிப்லாதான். பெரிய டொக்டரே அவளைக் கேட்டுவிட்டுத்தான் பால் விடாத பிளேன்டி குடிப்பார்.

அவளுடைய கோபத்துக்குக் காரணமான ஆதம்பாவா, வயது அறுபது, மர வாங்கில் குந்தி, வருகிறவர்களுக்குக் கொடுக்கும், மீன் அடைத்துச் சுட்ட மாலுபானை ரசித்துத் தின்றுகொண்டிருந்தார்.

“முதல் கிழமை அப்பெண்டிக்ஸ். அடுத்த கிழமை செங்கமாரி. போன கிழமை நெஞ்சு நோ. சோதிச்சுப் பாத்தா ஒண்டுமில்ல. மாலுபானுக்குத்தான் வாறார்!”

“விடு நிப்லா,” என்று கெஞ்சினான் மாணவர்களில் ஒருவனான ஸஜாத். “இவர விட்டா எனக்கு ஆரு இரிக்கா?”

அது உண்மைதான். ஸஜாத் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன். ஆனால் நோயாளி முன்னால் வந்துவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கை நடுங்கும். போன முறை, நோயாளியை விசாரிக்கும் பரீட்சையில், “உங்கட பேர் என்ன?” என்று கேட்டான். அவர் சொன்னார். பிறகு மணி அடிக்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயில். திங்கட்கிழமை மறுபரீட்சை. அதுவும் போனால் ஒரு வருடம் பின்னுக்கு.

கொட்டகையிலும் அவனிடம் யாரும் வருவதில்லை. நடுங்குகிற கையிடம் உடம்பைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆதம்பாவா மட்டும், மற்ற மூன்று கதிரையும் சும்மா கிடந்தாலும், அவனைத் தேடித்தான் போவார்.

“அவருக்கிட்ட மட்டும்தான் எனக்கு வாய் வருது. நான் மறந்தாலும் அவரே எடுத்துத் தாறார். ‘காய்ச்சல் இரிக்கா எண்டு நீங்க இன்னும் கேக்கல்லயே தம்பி’ எண்டார் அண்டைக்கு.”

“எந்த நோயாளிடா அப்பிடிக் கேப்பான்?”

“இன்னொண்டு செல்லுறன். நான் எந்தக் கிழமை எதப் படிக்கிறனோ, அந்தக் கிழமை இவருக்கு அதே வருத்தம். அல்லாஹ்ட உதவிதான் இது.”

நிப்லா அவனை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“சரி. இண்டைக்கு மட்டும். நானும் பக்கத்தில நிப்பன்.”

ஸஜாத் ஆதம்பாவாவுக்கு எதிரே உட்கார்ந்து, அண்ணனை அழைப்பதுபோல் மரியாதையாகக் கேட்டான். “இண்டைக்கு என்ன செய்யிது காக்கா?”

ஆதம்பாவா மாலுபானைக் கீழே வைத்து, வாயைத் துடைத்து, முகத்தைச் சுருக்கிக்கொண்டார்.

“விடிய எழும்பினா ஓங்காளிச்சுச் சத்தி தம்பி. சோத்து மணமே ஒத்துக்கொள்ளுதில்ல. புளி மாங்காய்க்குத்தான் மனம் போகுது.”

“எவ்வளவு நாளா?”

“மூணு மாசம். இடுப்பும் நோகுது, தலையும் சுத்துது.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். “இது எனக்கு ரெண்டாவது.”

பெரிய டொக்டருக்குப் பிளேன்டி மூக்கால் வந்தது. கொட்டகையே சிரித்தது. ஸஜாத் மட்டும் சிரத்தையாக எழுதிக்கொண்டிருந்தான். “முதல் பிரசவம் சுகமா...” என்று ஆரம்பித்தவன் அப்போதுதான் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“காக்கா!” என்றாள் நிப்லா. “அப்ப உங்களுக்குப் புள்ள கிடைக்கப் போகுது, அப்பிடித்தானே?”

ஆதம்பாவா விழித்தார்.

“யா அல்லாஹ்! அது பொம்புளையள்ட பாடமா? காத்து மாறி அடிச்சிட்டு மகள். பாதிதான் கேட்டிச்சு.”

“என்னத்தில பாதி?”

அவர் ஸஜாத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இந்தத் தம்பி ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதிட்டுக் கடற்கரைக்கு வாறார். நான் தோணிக்கு மற்றப் பக்கம் படுத்திரிக்கிறது அவருக்குத் தெரியா. கடலப் பாத்து, ‘நோ எப்ப தொடங்கின? சத்தி இரிக்கா?’ எண்டு சத்தம் போட்டுக் கேக்கிறார். மறுமொழியையும் அவரே செல்லுறார். மறுகா, ‘இந்தமுறையும் பெயிலானா உம்மாட முகத்தில எப்பிடி முழிக்கிற’ எண்டு குந்தி அழுறார். எனக்கு மனசு கேக்கல்ல. மறுமொழி செல்ல ஒரு ஆள் முன்னால இருந்தா நல்லம்தானே?”

ஸஜாத் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் முட்டியதை யாரும் பார்க்கக் கூடாதென்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான்.

நிப்லாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாலுபானுக்கு வருகிற மனிதர் என்று எத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாள்! மூடிய கொப்பியைத் திறந்து, தானே அவருடைய பெயரை எழுதினாள்.

“அப்ப காக்கா, மெய்யாவே உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையா?”

“ஏன் இல்லாம?” ஆதம்பாவா சாரத்தை ஒதுக்கி இடது காலைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். “ஒண்டரை மாசமா ஆறுதில்ல. செல்லுவம் எண்டுதான் ஒவ்வொரு கிழமையும் நினைக்கிற மகள். தம்பி இன்னும் அந்தப் பாடத்துக்கு வரல்லயே!”