பூட்டுப் பொத்தான்

மூன்றாவது கடையிலும் பொன்னுரங்கம் வலது கையைப் பேண்ட் பாக்கெட்டை விட்டு எடுக்காமலே பேசினான். நாளைக் காலை சொந்த மெஷினோடு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். ஏழு இஞ்ச் வட்ட ரம்பம் வேண்டும், பிளைவுட் பிசிறாமல் இருக்க அறுபது பல் பிளேடு வேண்டும் என்று அவன் சொன்ன தோரணையில் கடைக்காரர் குளிர்ந்துபோனார்.

"தொழில் தெரிஞ்ச ஆளுங்க நீங்க. ஒருக்கா ஓட்டிப் பாருங்க. ஓட்டிப் பாக்காம நான் பில் போடறதில்லீங்க."

கை வெளியே வந்தது. கட்டைவிரல் இருந்த இடத்தில் புதுத்தோல் பளபளத்தது. மற்ற நான்கு விரல்களும் பிடியைப் பற்றிக்கொண்டன. பக்கவாட்டிலிருந்த பூட்டுப் பொத்தானை இங்கேயும் எந்த விரலும் எட்டவில்லை. அதை அமுக்காமல், பிடிக்குள் விரலால் இழுக்கும் விசை அசையாது. இடது கைக்கு மாற்றினான். அது குடிகாரன் கைபோல் ஆடியது.

"இந்தப் பொத்தான் இல்லாத மெஷின் இருக்குங்களா?"

"வராதுங்க. விரல் போயிரக் கூடாதுன்னுதான அத வெச்சிருக்கறான்."

அதுவரை வாசலில் நின்றிருந்த அவன் மனைவி மரகதம் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். தன் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்து அழுத்தினாள்.

"இழுங்க மாமா."

ரம்பம் அலறியது. மேசைமேல் சோதனைக்கு வைத்திருந்த பலகைக்குள் இறங்கியது.

"ஓட ஆரம்பிச்சா பொத்தான விட்டுடலாம்மா! கைய எடுங்க!" கடைக்காரர் கத்தினார்.

மரகதம் எடுக்கவில்லை. பொன்னுரங்கமும் விசையை விடவில்லை. பலகை எப்போதோ இரண்டாகிக் கீழே கிடந்தது.