ஒற்றைப் பெயர்ப் பலகை

கூதிர் கழிந்து முன்பனி கால் ஊன்றும் நாள். மலை உடுத்திருந்த செம்மையெல்லாம் உதிர்ந்து, கோயில் முற்றத்தில் ஈரச் சருகாய்க் கிடந்து மக்கிக்கொண்டிருந்தது. இலை துறந்த கிளையில் பறிப்பாரற்ற பழங்கள் இரண்டு மட்டும் எரியும் விளக்கெனத் தொங்கின. காற்றும் அடங்கி, எதன் பொருட்டோ உலகம் தலை குனிந்து நிற்பதுபோல் இருந்தது.

அந்த அமைதியின் நடுவே சிதோசே குனிமிட்சு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். எதிரே கண்ணாடிக் குவளையில் இருந்த பால் புதியதுதான்; ஆயினும் அவருக்குக் குமட்டியது.

சிதோசே சங்கத்தின் செயலாளர் அவர். அப்பெயரைக் குடும்பப் பெயராகப் பெற்றவர்களும், இட்ட பெயராகப் பெற்ற ஆண்களும் பெண்களும் ஆண்டுக்கொருமுறை இங்கே கூடி, ஆளுக்கொரு மரப்பலகையில் முழுப்பெயரையும் எழுதி மாட்டுவார்கள். ஜப்பானிய மொழியில் ஆயிரம் ஆண்டு என்று பொருள்படும் பெயராதலால், ஆயுள் வேண்டிச் செய்யும் பிரார்த்தனை அது.

"என்ன செயலாளரே, காலங்காத்தால மூஞ்சி ஊறுகா ஜாடிக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு?" என்றபடி வந்தார் முடிதிருத்தும் நெமோதோ சிதோசே.

"இங்க பாருய்யா. யாரோ வெறும் சிதோசேன்னு மட்டும் எழுதி மாட்டியிருக்கான். கீழ ஒரு கிளாஸ் பால் வேற!"

நெமோதோவின் சிரிப்பு அவிந்தது. அந்தப் பெயர் தாங்கிய ஓட்டப்பந்தய வீராங்கனை உண்டு, கதைசொல்லி உண்டு, செடிகொடிகளை ஆராய்ந்த பேராசிரியர் உண்டு. குனிமிட்சு பட்டியலே வைத்திருந்தார். ஆனால் ஊர் நினைவில் நின்றவன் ஒருவனே. கெட்டுப்போனது என்று தெரிந்தும் பாலைக் கடைகளுக்கு அனுப்பி, ஏழு பிள்ளைகளைச் சாகடித்த ஆலை முதலாளி சிதோசே கெய்சாகு. சென்ற மாதம் அவன் சிறையிலேயே செத்தபோது, தொலைக்காட்சி பழைய கதையை மீண்டும் கிளறியது.

"அவன் ஆலையில வேலை பாத்தவனா இருக்கும். போனஸ் தின்ன நாக்கு, சும்மா இருக்குமா?" என்று காறித் துப்பப் போன நெமோதோ, கோயில் என்பது நினைவுக்கு வர விழுங்கிக்கொண்டார்.

"என் பேத்தியை ஸ்கூல்ல 'புளிச்ச பாலு'ன்னு கூப்பிடுறாங்கய்யா. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற குழந்தை! அந்த நாய்கிட்டேருந்து நம்ம பேரை மீட்டாகணும்னுதான் இந்த வருஷம் பேப்பர்காரனையே வரச்சொல்லியிருக்கேன். அவன் வந்து முதல்ல இதைப் படம் பிடிச்சா என்ன ஆகும்?"

காலால் குவளையைச் சாய்த்தார். பலகையைக் கழற்றி, அழுகிய எலியைப் பிடிப்பதுபோல் இரு விரலால் பற்றி, சருகு எரியும் தீயை நோக்கி நடந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க."

கையில் ஊதுவத்திக் கட்டுடன், ஐம்பது கடந்த பெண்ணொருத்தி வந்து நின்றாள்.

"நீங்க மாட்டினதா இது?"

"நான்தாங்க."

"கெய்சாகுவை உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். கேஸ் நடந்த ரெண்டு வருஷமும் அவருக்குப் பின்வரிசையிலதான் உக்காந்திருந்தேன். பின்கழுத்துல இருக்கிற மச்சம்கூடத் தெரியும்."

"சம்சாரம்தான். சந்தேகமே இல்ல" என்று நெமோதோ காதில் கிசுகிசுத்தார்.

குனிமிட்சு பலகையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "உங்களுக்கு வெக்கமா இல்லையாம்மா? அந்தப் பேரை இத்தனை பேர் நடுவுல மாட்டி, பாலும் வச்சிருக்கீங்களே. இதைப் பாத்தா எனக்குக் குடலைப் பிரட்டுது. எரிச்சிடப் போறேன்."

"எரிங்க. முன்னாடியே ஒரு தடவை எரிச்சு என் கையில குடுத்துட்டாங்க. இன்னொரு தடவை தாங்க மாட்டேனா?"

அவள் குரலில் சினமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அதைக் கேட்டு அவர் விரல்கள் ஏனோ தளர்ந்தன. பலகை ஈரச் சருகில் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். சேற்றைத் தன் சட்டைக் கையால் துடைத்து, பலகையைக் கல்லோரம் சாய்த்து வைத்தாள். குவளையைக் கழுவி, பையிலிருந்த பால் பெட்டியைத் திறந்து நிறைத்தாள். பின் அதைத் தன் உதட்டுக்கே கொண்டுபோய் ஒரு வாய் பருகி, நெடுநேரம் நாவிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

படைக்குமுன் வாய் வைக்கிறாளே! குனிமிட்சு அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் குவளையைப் பலகையின் முன் வைத்தாள். ஊதுவத்தி ஏற்றி, மண்டியிட்டு, கைகூப்பி, நெற்றி நிலம் தொட வணங்கினாள். புகை மெல்ல எழுந்தது.

"சிதோசே கண்ணு, இந்தத் தடவை அம்மா குடிச்சுப் பாத்துட்டேன், கெட்டுப்போகலடி, பயப்படாமக் குடி... எங்க இருந்தாலும் நல்லா இரு, தாயி."