ராஜா எந்தப் பக்கம்

அந்தியோக்கியா கடைத்தெருவில் காலை வெயில் தட்டான் சப்தாவின் பட்டறைக்குள் நுழைந்து, இப்போதுதான் வளையம் பற்றவைத்த பொற்காசின் மேல் பளபளக்கிறது. புது ராஜா பட்டமேறிய சந்தோஷத்தில் படைவீரன் மாரோனுக்குக் கிடைத்த காசு அது. ஒரு பக்கம் சிறகு விரித்த தேவதை, மறுபக்கம் ஈட்டியோடு ராஜா. சங்கிலியில் கோத்து மனைவி தெக்லாவின் கழுத்தில் போடுகிறான் மாரோன். தேவதை வெளியே தெரிகிறாள். ராஜாவின் முகம் தெக்லாவின் நெஞ்சில் பதிகிறது. மாரோனின் சிரிப்பு அப்படியே நின்றுவிடுகிறது. “ஏய், திருப்புடி! அந்த ஆளு மூஞ்சி அங்கயா இருக்கணும்?” தட்டான் இருமுவதுபோல் சிரிக்கிறார். தெக்லா திருப்பிப் போடுகிறாள். இப்போது ராஜா நேராக மாரோனையே பார்க்கிறார். அவனை அறியாமலே குதிகால்கள் சேர்ந்து, முதுகு விறைக்கிறது. பொன்னொளி தாடியில் ஆட, அணிவகுப்பில் நிற்பதுபோல் நிற்கிறான். தெக்லா காசை விரலால் தட்டுகிறாள். “இனிமே வீட்டுலயும் ராஜா உத்தரவுதான். போய்யா, தண்ணிக் குடத்தை எடு!”