தங்கமான மூளை

அந்த ஆய்வகத்தில் மூளைத் துண்டுகளுக்கு எண் மட்டும்தான். முடிவை எழுதிய பிறகே பெயர்ப் பட்டியலைத் திறப்பார்கள்.

"பதினேழு எப்படிக்கா?" என்று கேட்டாள், உடன் வேலை பார்ப்பவள்.

மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள் ஆராய்ச்சியாளர். "தங்கமான மூளைடி! நரம்பு செல்லைக் கெடுக்கிற கைனேஸ் நொதிக்குக் கடிவாளம் போடுற புரதம் கொஞ்சமும் குறையல. மறதி நோய்ல நரம்புக்குள்ள விழுற முடிச்சு ஒண்ணுகூட இல்ல. கடைசிவரைக்கும் எல்லாம் ஞாபகம் இருந்திருக்கும். குடுத்துவெச்ச பிள்ளைங்க!"

"உங்கப்பாவோடதும் இந்த வரிசையிலதானே இருக்கு?"

அவள் பதினேழின் முடிவை எழுதி முடித்தாள். "அது சிதைஞ்சு போயிருக்கும். இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கிட்டு, ஆறு வருஷம் கழிச்சு வாசல்ல போய் நின்னேன். 'யாரும்மா நீங்க? தெரியலையே'ன்னு கதவைச் சாத்திட்டார். இன்னும் கோவம்தான்னு துடிச்சுப் போனேன். அண்ணன்தான், 'அப்பாவுக்கு மறதி நோய், யாரையும் தெரியாது'ன்னான். அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுதான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தேன்."

பட்டியலைத் திறந்த இளையவளின் முகம் வெளுத்தது. "அக்கா... பதினேழை இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

"எதுக்குடி? அதான் தெளிவா இருக்கே! இந்த மனுஷனுக்கு எல்லாரையும் நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றபடி பட்டியலை எட்டிப் பார்த்தாள்.

பதினேழுக்கு நேரே அப்பாவின் பெயர் இருந்தது.