பிரித்துப் போட்ட நாற்காலி

போத்தனூரில் ஷேக் பரீத்தின் வீட்டுக்குள் நுழைந்த அக்ஷிதா அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய அறக்கட்டளை எட்டு மாதத்துக்கு முன் இலவசமாகக் கொடுத்த மின்சாரச் சக்கர நாற்காலி தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. நடக்க முடியாத பரீத் அதன் நடுவே உட்கார்ந்திருந்தார்.

“உடைஞ்சு போச்சுங்களா பாய்?”

“இல்லீங்க. நானே கழட்டிப்போட்டேன்.”

“எத்தனை நாள் ஓட்டினீங்க?”

“ஒரு நாளும் ஒக்காரலீங்க.”

“உங்க வெல்டிங் மெஷின் லோனுக்கு விசாரிக்கத்தான் வந்தேன். குடுத்ததையே இப்படிப் பண்ணி வெச்சா லோன் எப்படிங்க கிடைக்கும்? சேரையும் திருப்பி எடுத்துக்குவாங்க.”

“பத்து நாள் பொறுங்க அம்மணி. பிரேக் மட்டும்தான் பிடிபட மாட்டேங்குது.”

அவளுக்குப் புரியவில்லை. அப்போது வாசலில் ஏதோ உறுமியது. இரும்புக் குழாயும் மொபெட் சக்கரமும் பழைய கார் வைப்பர் மோட்டாரும் சேர்ந்த ஒரு நாற்காலியில், பரீத்தைப் போலவே நடக்க முடியாத ஒரு பெண் வந்து சுவரில் இடித்து நின்றாள்.

“நல்லா வெச்சீங்க மாமா பிரேக்கு. கறிக்கடைக்காரர் மேலயே ஏத்திப்போட்டேன்.”

“நான் செஞ்சதுல உஸ்மாவோடது மூணாவதுங்க,” என்றார் பரீத். “இன்னும் நாலு பேரு காத்திருக்காங்க. எல்லாத்துக்கும் நீங்க குடுத்த சேரைப் பார்த்துத்தான் அளவெடுக்கோணும்.”

“உங்களுக்கு?”

“கடைசியா இந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பூட்டிக்கிறேனுங்க.”

உள்ளங்கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்துபோய், உஸ்மாவின் நாற்காலிக்கு அடியில் அவர் தலையை நுழைத்தார். அக்ஷிதாவும் தரையில் உட்கார்ந்தாள்.

“லோனுக்கு இன்னைக்கே எழுதிடறேன் பாய்.”

“சரிங்க. இப்போ இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க அம்மணி.”