பழகிப்போன குரல்

“சும்மா கத்தினா மயில் மிரளாது, அண்ணாச்சி. உசுரு போற மாதிரி கத்தணும்” என்று ரெக்கார்டரை நீட்டினாள் பிரேமலதா. பறவைகள் ஒலியை எப்படி உணர்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவள்.

சங்கரன்கோவில் பக்கம் மக்காச்சோளம் போட்ட எல்லோருக்கும் மயில்தான் எமன். ஆறுமுகச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏட்டி பார்வதி, ஓடியா!” என்று அலறினார்.

தோட்டத்து வீட்டிலிருந்து அவர் மனைவி பார்வதியம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

“பதறினா இவ பேருதாம்மா வாயில வருது” என்று அவர் சிரித்தார்.

“வெளங்காத மனுசன்!” திட்டிக்கொண்டே அவளும் சிரித்தாள்.

அந்த அலறலைப் பதிந்த ஸ்பீக்கர் பெட்டி, பகலெல்லாம் விட்டு விட்டுத் தோட்டத்தில் கத்தியது. மயில்கள் பறந்தன. முதல் வாரம் பார்வதியம்மாளும் வாசல்வரை ஓடி ஓடித் திரும்பினாள். அப்புறம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கதிர் முற்றும் சமயம் பிரேமலதா மறுபடி வந்தாள். பார்வதியம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

“ஒரே சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தா எந்த உசுருக்கும் பழகிரும்க்கா. மயிலுக்குப் பழகிட்டா?”

“மயிலு இன்னும் மிரளுது தாயி. எனக்குத்தான் பழகிப்போச்சு.”

“அண்ணாச்சி எங்க?”

“வரப்புல பாம்பு கடிச்சிட்டு. என்னையக் கூப்பிட்டுக்கிட்டே கெடந்திருக்காவ. பெட்டிதான் கத்துதுன்னு நான் சோறு வடிச்சிக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகையில உசுரு இல்ல.”

பார்வதியம்மாள் அடுப்படிச் சுவரைக் காட்டினாள்.

“அன்னைக்குப் பெட்டி தோட்டத்துலயே இல்ல தாயி. இந்தா, இங்கன, என் முதுகுக்குப் பின்னாலதான் சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்துச்சு.”