இரண்டு சுத்தியல்

அடி விழும்போதெல்லாம் அந்தப் பழைய கான்டெஸா காரின் துரு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. இரும்புப் பின் மட்டும் அசையவில்லை.

மர்பி டவுன் மெக்கானிக் ஷெட்டில் காலையிலிருந்து இதே கூத்து. முன்சக்கரத்தை உள்ளேயிருந்து பிடித்திருக்கும் பால் ஜாயின்ட்டின் பின், எத்தனையோ மழைக்காலத்துச் சேற்றைத் தின்று, இரும்போடு இரும்பாய் ஒட்டிப்போயிருந்தது. நெருப்புக் காட்டிப் பார்த்தாயிற்று. நட்டையும் வெட்டி எறிந்தாயிற்று. இனி அடிதான்.

அடிப்பதற்கு அந்த ஷெட்டில் ஒரு முறை உண்டு. எதிரெதிரே இரண்டு பேர், இரண்டு சுத்தியல். இரண்டும் ஒரே சமயத்தில் விழ வேண்டும். ஒருவன் பிந்தினால் மற்றவனின் மணிக்கட்டு போய்விடும். அதனால் ஒன்று, இரண்டு, அடி என்று கன்னடத்தில் எண்ணிக்கை சொல்லி அடிப்பார்கள்.

"ஒந்து, எரடு, ஹொடி!" என்றான் தனக்கோடி.

எதிரே குந்தியிருந்த கிஷோரும் கூடவே அடித்தான். கிஷோர், தனக்கோடியின் தங்கை வீணாவுக்குப் புருஷன்.

"என்ன மச்சான், இது உன் தங்கச்சி மாதிரி இருக்கு! எவ்ளோ தட்டினாலும் எடத்த விட்டு நகர மாட்டேங்குது."

தனக்கோடிக்குக் கண் இருட்டியது.

அன்று விடிகாலையில்தான் வீணா அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது. யார் என்று கேட்டான். தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் இருக்கிற வீட்டிலிருந்து ஒருத்தி இந்தக் கோலத்தில் வந்தால், அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

கிஷோர் முகம் கழுவக் குழாயடிக்குப் போனான்.

தனக்கோடி, கீழே முட்டுக்கொடுத்திருந்த ஜாக்கின் கைப்பிடியைத் திருகினான். புஸ்ஸென்று அது இறங்கியது. அழுக்குத் துணியொன்றை அதன்மேல் போட்டு மூடினான்.

சக்கரத்துக்குப் பின்னால் தொடை கனத்துக்கு ஒரு ஸ்பிரிங், முழு அழுத்தத்தில் அடங்கி நின்றது. அதுவரை அதைத் தாங்கியது ஜாக்கு. இப்போது அந்தத் துருப்பிடித்த பின் ஒன்றுதான். பின் கழன்றால் ஸ்பிரிங் பாயும். பாய்கிற இடத்தில் கிஷோரின் முகம் இருக்கும். ஷெட்டில் அடிபடுவது புதிதில்லை, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

கிஷோர் திரும்பி வந்து அதே இடத்தில் குந்தினான். ஜாக்கைப் பார்க்கவில்லை. மச்சான் வைத்த ஜாக்கை எவன் சரிபார்ப்பான்?

அடித்தார்கள். இரும்பு அலறியது. தனக்கோடி பல்லைக் கடித்துக்கொண்டு, தங்கையின் உதட்டை நினைத்து அடித்தான். கன்னத்தை நினைத்து அடித்தான். தோள்பட்டை கழன்றுவிடும்போல் அடித்தான்.

டிக்.

பின் பேசிவிட்டது. இன்னும் ஒரே ஓர் அடி.

"ஒந்து... எரடு..."

"மச்சான், இரு." கிஷோர் சுத்தியலைத் தாழ்த்தினான். முகத்தைத் தூக்கவில்லை. "எங்க பையன் பரத்தைக் கொஞ்ச நாள் உன் வீட்டுல வச்சிக்கிறியா? பைக்கு வாங்கித் தரலன்னு நேத்து பெத்த அம்மா வாய் மேலயே குத்திட்டான் மச்சான். நான் போயி புடிக்கிறதுக்குள்ள ரெண்டு குத்து. வெளிய சொன்னா அசிங்கம்னு அவ வாயே தொறக்கல. உன்னைக் கண்டாதான் அவனுக்கு பயம்."

தனக்கோடியின் சுத்தியல் தலைக்குமேல் நின்றது.

டிக் என்றது பின், மறுபடியும். அதற்கு இனி யாருடைய அடியும் தேவையில்லை.

சுத்தியலை வீசிவிட்டுக் குறுக்கே பாய்ந்தான். கிஷோரின் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்தது. இருவரும் ஆயில் தரையில் உருண்டார்கள்.

ஷெட்டே அதிர்ந்தது. ஸ்பிரிங் எதிர்ச்சுவரின் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போய், தெருவில் விழுந்து உருண்டது. யாரோ கத்தினார்கள். ஒரு நாய் ஓடியது.

கிஷோர் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். கண்ணைத் தொட்டுப் பார்த்தான். பிறகு படுத்தவாக்கிலேயே பைத்தியம்போல் சிரித்தான். ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏய் வீணா! இன்னிக்கு உங்கண்ணன் மட்டும் இல்லன்னா நான் காலி! ஸ்பிரிங்கு மூஞ்சிக்கு நேரா பாய்ஞ்சுது, புடிச்சு இழுத்துட்டாரு!"

லைன் போய்விட்டதோ என்று கிஷோர் ஃபோனைத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணா..." வீங்கிய வாயில் சொல் குழறியது. "என்னை அடிச்சது அவர்னு நெனச்சிட்டியா?"

கிஷோர் சிரிப்பு மாறாமல் தனக்கோடியைப் பார்த்தான்.

"என்ன மச்சான் சொல்றா இவ?"